விழுவதற்கும் ஒரு பாடம்

மலையோரத்து வீட்டிலிருந்து...

"பார்த்துப் போ, விழுந்துடப் போறே!"

இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று என்றைக்காவது கணக்குப் பார்த்ததுண்டா, சகோதரிகளே? நான் பார்த்தேன். காலை காப்பிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே பதினோரு தடவை! சைக்கிள் எடுத்த சின்னவனுக்கு மூன்று, ஸ்டூல் மேல் ஏறின என்னவருக்கு இரண்டு, மிச்சமெல்லாம் எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் விறகுச் சுமையோடு இறங்கி வரும் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு. அவள் பிறந்ததே இந்த ஜவ்வாது மலையில். நானோ சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு ஜமுனாமரத்தூருக்கு வந்தவள். அவளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கிறேனாம், நான்!

போன மாதம் ஒரு சகோதரி எழுதியிருந்தார். "என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அன்றிலிருந்து அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் பார்த்துக் கொள்கிறேன். நான் செய்வது சரிதானே?" என்று கேட்டிருந்தார். அவருக்குத் தபாலில் நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அவர் செய்வதைத்தான் நானும் ஒரு காலத்தில் செய்தேன். அது தப்பு என்று எனக்குப் புரிய, நான் காஷ்மீர் வரைக்கும் போய்ப் பனியில் விழுந்து புரள வேண்டியிருந்தது. சிரிக்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

முதலில் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதிலும் பின்கட்டுக் கல்லில் தன் புடவையைத் தானே துவைத்து உதறிப் போடுகிறவர். ஒரு மழைக்கால விடிகாலையில் அந்தக் கல் பக்கத்தில் பாசி வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் ஊமை வலி, நாலு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் எனக்குச் சரியாகவில்லை. "இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அத்தை, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். கட்டிலுக்கே காப்பி போனது. கட்டிலுக்கே தட்டு போனது. கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பினால், "படி ஏறணுமே அத்தை, வேண்டாம்" என்று உட்கார்த்தி வைத்தேன். அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர். "மாமியாரைத் தாங்கு தாங்குன்னு தாங்கறா" என்றார்கள்.

ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு ராத்திரி கட்டிலிலிருந்து குளியலறைக்கு எழுந்து போனவர், ஆறே அடி தூரத்தில் சாய்ந்து விழுந்தார். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. கால் தாங்கவில்லை, அவ்வளவுதான். தொடை எலும்பின் மேல் பாகம் இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது. மலையிறங்கிக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எத்தனை நாளா இவங்க நடமாட்டம் இல்லாம இருக்காங்க?"

நான் பதில் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆயிற்று. ஆனால் அத்தை திரும்ப எழுந்து நடக்கவில்லை. எட்டு மாதம் படுக்கை, பிறகு நெஞ்சில் சளி, பிறகு ஒருநாள் எல்லாம் முடிந்தது.

அந்தக் கேள்வியிலிருந்து நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. நேர்மாறாக, "விழுந்தால் உயிரே போய்விடும்" என்பது மட்டும்தான் மனசில் பதிந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் மரம் ஏறக்கூடாது, மழையில் ஓடக்கூடாது, பீமன் அருவிப் பக்கம் போனால் பாறையில் கால் வைக்கக்கூடாது. மலையில் குடியிருந்துகொண்டு மலையைத் தொடாதே என்கிற சட்டம்!

இந்தச் சட்டத்தை உடைக்கப் பிறந்தவள் என் பெரியவள். 2018 ஜனவரியில், அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தபோது, பேப்பரில் ஒரு படம் வந்தது. ஆஞ்சல் தாக்கூர் என்று இமாசலப் பிரதேசத்துப் பெண். மணாலிக்குப் பக்கத்தில் புருவா என்கிற சின்ன கிராமம். துருக்கி நாட்டில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கியிருந்தாள். சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. வாங்கியது ஒரு பெண்! இவள் அந்தப் படத்தை வெட்டி பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டாள். நான் புடவை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெண் என்னைப் பார்த்து வழுக்கிக்கொண்டு வருவாள்.

காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது பெரியவள் நேராகவே கேட்டுவிட்டாள். "அம்மா, நான் ஸ்கீயிங் கத்துக்கப் போறேன். குல்மர்க்ல சொல்லித் தராங்க."

"பனியில வழுக்கி விழறதுக்கா உன்னைப் பெத்தேன்?" என்றேன்.

"விழாம யாரும்மா கத்துக்க முடியும்?"

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் என்னவர்தான் சமாதானம் செய்தார். "எல்லாருமே போவோம். நீ பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கோ" என்றார். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். தங்குவது உச்சியில் இல்லை, கீழே ஏதாவது ஊரில்.

கிளம்பத் தயாராகிற சமயத்தில் ஒரு செய்தி. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி, குல்மர்க்கில் அபர்வத் மலைமேல் பனிச்சரிவு ஏற்பட்டு, சறுக்கிக் கொண்டிருந்த போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று. டிக்கெட்டைக் கிழித்துப் போடு என்றே சொல்லிவிட்டேன். பெரியவள் பொறுமையாக விளக்கினாள். அது மலை உச்சிக்குப் பக்கத்தில், யாரும் சீர்படுத்தாத பனியில், கைதேர்ந்தவர்கள் போகிற இடம். ஆரம்பக்காரர்கள் கற்பது அடிவாரத்து மேட்டில். "நம்ம ஊர்ல பர்வதமலை உச்சிக்கும் நம்ம வாசல் படிக்கும் உள்ள வித்தியாசம்மா" என்றாள். அரை மனதாகக் கிளம்பினேன்.

ஸ்ரீநகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் டங்மர்க் என்கிற ஊர். அதற்கு மேல் 13 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் குல்மர்க். நம்ம போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற மாதிரிதான். ஆனால் பாதையெல்லாம் பனி, வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டித்தான் ஏற்றுகிறார்கள். குல்மர்க் என்றால் பூக்களின் புல்வெளி என்று அர்த்தமாம். சுமார் 2,650 மீட்டர் உயரம். எங்கள் ஜவ்வாது மலையில் வானம் பார்க்கிற கூடம் இருக்கிறதே காவலூர், அதன் உயரம் 725 மீட்டர்தான். மூன்றரை மடங்குக்கு மேல்! 1927-லேயே ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போது நம் நாட்டிலேயே பெரிய பனிச்சறுக்கு இடம் அதுதான் என்கிறார்கள்.

நாங்கள் தங்கியது டங்மர்க்கில், ஊர் ஓரமாக ஒரு வீட்டு மாடியில். குல்மர்க்கில் ஓட்டலும் ஜனக்கூட்டமும் இரைச்சலுமாக இருக்க, இங்கே ஆப்பிள் மரங்கள் இலையில்லாமல் கோடு போட்ட மாதிரி நிற்கும், தகரக் கூரையிலிருந்து பனி சர்ரென்று வழுக்கி விழுகிற சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. பார்த்தால் சாது ஊர். ஆனால் 2022-ல் சீனாவின் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பாகக் கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான்! அவருடைய அப்பா பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். நாலு வயசிலேயே மகனுக்குச் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிவிட்டாராம். நம் வீட்டில் நாலு வயசுப் பிள்ளையை நாம் வாசற்படி இறங்க விடுவோமா?

கீழே தங்கியது செலவுக்காக மட்டும் இல்லை, ஆரோக்கியத்துக்கும் நல்லது. சுமார் 2,500 மீட்டருக்கு மேலே போனால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். மலை ஏறின முதல் நாள் அலையாமல் ஓய்வாக இருந்து, நிறையத் தண்ணீர் குடித்து, பகலில் மேலே போய் ராத்திரி கீழே வந்து தூங்கினால் உடம்பு சீக்கிரம் பழகிவிடும். தலைவலி விடாமல் வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் மாத்திரை தேடக்கூடாது, கீழே இறங்கிவிட வேண்டும்.

அந்த வீட்டு அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்கும் இந்தி அரைகுறை. அதனால் ரொம்ப நன்றாகப் பேசிக்கொண்டோம்! காஷ்மீரிகளும் நம்மைப் போலச் சோறு சாப்பிடுகிறவர்கள். தாமரைத் தண்டில் ஒரு குழம்பு, 'ஹாக்' என்று ஒரு கீரை. சாயங்காலம் ஏலக்காய், பட்டை, குங்குமப்பூ போட்டுப் பாதாமைச் சீவித் தூவிய 'கஹ்வா' தேநீர். 'ஃபெரன்' என்று முழங்கால் வரை தொங்கும் தொளதொள அங்கி. அதற்குள்ளே 'காங்ரி' என்கிற தணல் சட்டி! பிரம்புக் கூடைக்குள் சின்ன மண்சட்டி, அதில் கரி நெருப்பு. அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே அடிவயிறு கலங்கும். "விழுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "விழாத மாதிரி நடப்போம்" என்றார்.

அவர் வாசல் பனிக்கட்டியில் நடப்பதைக் கவனித்தேன். காலைச் சற்று அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய வாத்து மாதிரி நடக்கிறார். நிமிர்ந்து விறைப்பாக நடந்த நான் முதல் நாளே இரண்டு தடவை தூணைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் குல்மர்க். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி. அதற்கு மேலே தேவதாரு மரங்கள், அதற்கும் மேலே அபர்வத். 'கோண்டோலா' என்கிற தொங்கு வண்டி கம்பியில் ஏறிப் போகிறது. 1998-ல் காங்டூரி வரைக்கும், 2005-ல் அதற்கும் மேலே கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம் வரைக்கும் போட்டார்களாம். அந்த உச்சி கைதேர்ந்தவர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்குப் புல்வெளி ஓரமாக ஒரு குட்டி மேடு. எங்கள் வீட்டு மேல் சரிவில் பாதிகூட இருக்காது.

பெரியவளுக்கு ஒரு உள்ளூர் இளைஞர் வாத்தியாராக வந்தார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேவு பார்ப்பதாகத் திட்டம். அவர் என்னையும் பார்த்தார். "ஆன்ட்டி, நாலு நாள் இங்கே உட்கார்ந்தால் விறைத்துப் போவீர்கள். ஒரு மணி நேரம் நீங்களும் வாருங்கள்" என்றார். "எனக்கு நாற்பத்தெட்டு வயசு" என்றேன். "அறுபதிலும் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டு என் பாத அளவைக் கேட்டார். என்னவர் பக்கத்தில் நின்று சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்தப் பூட்ஸ் இருக்கிறதே, இரண்டு காலிலும் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி. கணுக்கால் அசையவே அசையாது. அதன் அடியில் என் நெஞ்சு உயரத்துக்கு நீளமான பலகைகள். கையில் இரண்டு கோல்கள். நான் 'இனிமேல் சறுக்கச் சொல்லித் தருவார்' என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்தப் பிள்ளை சொன்னார்: "முதல் பாடம், விழுவது."

வேடிக்கை இல்லை, அம்மா. நிஜமாகவே அதுதான் முதல் பாடம். தடுமாறினால் விறைத்துக்கொண்டு நிற்காதே. பின்னால் சாயாதே. கையை ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில், சதைப்பற்றான இடத்தில் சாய்ந்து விழு. விழுந்த பிறகு அவசரப்படாதே. இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்காக, உனக்குக் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி திருப்பு. முழங்காலை உடம்போடு சேர்த்துக்கொள். மேட்டுப் பக்கம் கையை ஊன்றி எழுந்திரு.

பெரியவள் மூன்று தடவை விழுந்தாள், மூன்று தடவை எழுந்தாள். என் முறை வந்தது. விழுவது ரொம்பச் சுலபமாக வந்தது! எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

கையை ஊன்றினேன், புதைந்தது. காலை இழுத்தேன், தொடை நடுங்கிற்று. இன்னொரு தடவை முயன்றேன். பாதி எழுந்து திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பலகையின் குற்றம் என்று அதைக் கழற்றச் சொன்னேன். பலகை இல்லாமலும் பக்கத்தில் பிடிமானம் இல்லாமல் எழ முடியவில்லை. அப்போதுதான் உறைத்தது. வீட்டில் நான் தரையில் உட்கார்ந்தே எத்தனை வருஷமாயிற்று! சாப்பாடு மேஜையில், சமையல் மேடையில், அரைப்பது மிக்ஸியில், பூஜைக்குக்கூட முக்காலி. எழுந்திருக்கிற வேலையை உடம்புக்கு நான் கொடுக்கவே இல்லை. அது மறந்துவிட்டது.

பனியில் உட்கார்ந்தபடியே எனக்கு அத்தையின் முகம் ஞாபகம் வந்தது. அந்த ராத்திரி விழுந்த இடத்தில் உட்கார்ந்து, "என்னால எழுந்திரிக்க முடியலம்மா" என்று என்னைப் பார்த்த முகம். 'எத்தனை நாளா நடமாட்டம் இல்லாம இருக்காங்க?' என்ற கேள்விக்கு அன்றைக்கு நான் சொல்லாத பதிலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றரை வருஷம் டாக்டர். நான்தான் அவரை நடக்க விடவில்லை. அவர் விழுந்துவிடக்கூடாது என்று, அவர் காலில் இருந்த பலத்தையெல்லாம் நானே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன்.

அழுதுவிட்டேன். குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்தார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் என்று போனவள் நாலு நாளும் போனேன். பலகை முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி, கூரை முகடு மாதிரி வைத்து வேகத்தைக் குறைக்கக் கற்றேன். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. பின்னால் சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்காது. முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, போகிற திசையைப் பார்த்தால்தான் கேட்கும். நாலாம் நாள் அந்தக் குட்டி மேட்டிலிருந்து விழாமல் இறங்கினேன். முப்பது அடி தூரம் இருக்கும். அதற்கு மேல் எனக்கு ஆசையும் இல்லை.

ஆனால் அன்றைக்கு நடந்தது அது மட்டுமல்ல. பெரியவள் அடுத்த மேட்டுக்குப் போயிருந்தாள். வளைவில் வேகமாக வந்தவள், பலகை ஒன்றோடொன்று சிக்கி, தலைகுப்புறப் புரண்டு, ஒரு பலகை தனியே கழன்று ஓட, நடுச் சரிவில் கிடந்தாள். அசையவில்லை. நான் ஓட எழுந்தேன். காலில் அம்மிக்கல். ஓட முடியாது! "பார்த்து" என்று கத்த வாய் திறந்தேன். யாருக்குக் கேட்கும்? என் வாழ்க்கையில் முதல் தடவையாக, பிள்ளை விழுந்து கிடக்க, நான் நின்ற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிஷம்தான் இருக்கும். எனக்கு அது பிரசவ வேதனையை விட நீளமாக இருந்தது.

அப்புறம் ஒரு கோல் மேலே உயர்ந்தது. 'ஒண்ணுமில்லை' என்று ஆட்டிக் காட்டினாள். உடம்பைத் திருப்பினாள். பலகையைக் குறுக்கே போட்டாள். முழங்காலைச் சேர்த்தாள். எழுந்துவிட்டாள். வாத்தியார் கொண்டுவந்து கொடுத்த இன்னொரு பலகையை மாட்டிக்கொண்டு மிச்சச் சரிவை நிதானமாக இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். உதட்டில் ஒரு சின்னக் கீறல். "பார்த்தியாம்மா?" என்றாள். பார்த்தேன். விழுந்ததையும் பார்த்தேன், எழுந்ததையும் பார்த்தேன். இரண்டாவதைப் பார்க்காமலேயே இத்தனை வருஷம் பயந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் விறகுச் சுமைக்காரப் பெண்ணிடம் எல்லாம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வழுக்கி விழுறதுக்கா அக்கா காசு குடுத்துட்டு வந்தீங்க? நம்ம சரிவுல மழையன்னிக்கி வந்திருந்தா நான் சும்மாவே காட்டியிருப்பேனே!" என்றாள். பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துச் சுமையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் காட்டினாள். முழங்கால் சற்று மடக்கி, சின்ன அடி, பார்வை முன்னால். அச்சு அசல் அந்தக் குல்மர்க் வாத்தியார் சொன்னது! நாலு நாள் கற்ற பாடம் பல வருஷமாக என் ஜன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. நான்தான் அவளுக்கு, "விழுந்துடப் போறே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது கடிதம் எழுதிய சகோதரிக்கும், வீட்டில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் சில வார்த்தைகள்.

1. அம்மாவைக் கட்டிலில் பூட்டி வைக்காதீர்கள். ஏன் விழுந்தார் என்பதை முதலில் டாக்டரிடம் காட்டிக் கண்டுபிடியுங்கள். பார்வை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்க மாத்திரை எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு சீக்கிரம் வலுவிழக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. மனுஷியைக் கட்டுவதற்குப் பதில் வீட்டைத் திருத்துங்கள். குளியலறையில் பாசி தேய்த்து, பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கம்பி வையுங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மடிந்து கிடக்கும் மிதியடி, தேய்ந்த செருப்பு, நடைபாதையில் ஒயர் எல்லாம் போகட்டும்.

3. தினமும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது தொடைக்குப் பலம். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது நிதானத்துக்கு நல்லது. வயதானவர்கள் பக்கத்தில் ஒருத்தர் இருக்கச் செய்யட்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். நாற்பதைத் தாண்டிய நாமும் தினமும் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து எழுவோம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

4. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம்ம கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதோடு கொஞ்சம் வெயிலும் நடையும்.

5. யாராவது விழுந்துவிட்டால் உடனே கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்பில் கடுமையான வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் அசைக்கவே வேண்டாம், 108-க்குச் சொல்லுங்கள். அடி ஒன்றும் இல்லை என்றால், மூச்சு விட நேரம் கொடுத்து, பக்கவாட்டில் புரண்டு, மண்டியிட்டு, தவழ்ந்து ஒரு நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னால் ஊன்றி மெல்ல எழச் சொல்லுங்கள். எழுந்திருப்பதற்கும் இப்படி ஒரு முறை இருக்கிறது. விழுவதற்கு முன்னாலேயே பழகிக்கொள்வது நல்லது.

6. பனிமலைக்குப் போகிறவர்களுக்கு: உடம்போடு ஒட்டுகிற துணி பருத்தியாக வேண்டாம், வேர்வையில் நனைந்து குளிரும். கம்பளியோ செயற்கை நூலோ உள்ளே, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத கோட்டு. இரண்டு சாக்ஸை விட ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் மேல். வெள்ளைப் பனியிலிருந்து வெயில் திரும்ப அடிக்கும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம். கர்ப்பிணிகள் சறுக்குப் பலகை பக்கமே போகக்கூடாது. பனிச்சரிவு எச்சரிக்கை இருக்கும்போது சீர்படுத்தின பாதையை விட்டு யாரும் விலகக்கூடாது.

பெரியவள் இப்போது வேலைக்குப் போய்விட்டாள். பீரோக் கதவில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது, ஓரம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் சின்னவன் சைக்கிளோடு வளைவில் சாய்ந்தான். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வாய்வரை வந்துவிட்டது அந்தப் பழைய வார்த்தை. முழுங்கிவிட்டு, "எழுந்திருடா, பார்க்கலாம்" என்றேன்.

முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிப் போனான்.

அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்குங்கள், சகோதரி. கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போங்கள். நாளைக்கு இன்னும் நாலு அடி. நான் என் அத்தைக்குச் செய்யாததை நீங்கள் உங்கள் அம்மாவுக்குச் செய்யுங்கள். அவர் தெருமுனை வரை நடந்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். காத்திருப்பேன்.